உதவி: ஃப்ளாட் பேட்டர்ன் படி வெட்டினா பெண்டிங்குக்கு அப்புறம் அளவு கூடுது

அம்பத்தூர்_ஃபேப்:
அவசரம் சார். சி சேனல், ரெண்டு பெண்டு. ஃப்ளாட் (மடக்காத விரிப்பு வடிவம்) எடுத்து டி.எக்ஸ்.எஃப். ஃபைல் போட்டு லேசர்ல வெட்டியாச்சு. பெண்ட் பண்ணி அளந்தா 2 மி.மீ. கிட்ட கூட வருது. மாடல்ல அளவு கரெக்டாதான் இருக்கு. மீதி ஷீட் காலைல வெட்டணும். கே ஃபேக்டர் (மடக்குல நீளம் மாறாத கோடு உள்பக்கத்துல இருந்து கனத்துல எத்தனை பங்கு தள்ளி இருக்குங்கிற எண்) எவ்வளவு போடணும்?

கோவை_டைமேக்கர்:
என்ன மெட்டீரியல், என்ன கனம், எந்த வி டை (தகட்டை அழுத்தி மடக்குற வி பள்ள அச்சு)? இது மூணும் தெரியாம யாராலயும் எண் சொல்ல முடியாது தம்பி.

பீம்_பாஸ்:
லேசர் கெர்ஃப் காம்பன்சேஷன் (வெட்டு அகலத்துக்கான ஈடு) ஆஃப்ல இருக்கும். எங்க கடைல இதே பிரச்சனை வந்துச்சு. ஆபரேட்டரைப் பிடிங்க.

ஓசூர்_ஷீட்மெட்டல்:
கெர்ஃப்ல 2 மி.மீ. போகாதுங்க. 2 மி.மீ. ஷீட்டுக்கு வெட்டு அகலமே ஒரு மில்லியில சின்ன பங்குதான். அதோட, காம்பன்சேஷன் இல்லன்னா பீஸ் சின்னதாதான் வரும், பெருசா வராது. பெண்ட் பண்ணாத பிளாங்க் ஒண்ணை எடுத்து வெர்னியர் வெச்சுப் பாருங்க. ஃபைல்ல உள்ள நீளமே இருந்தா லேசர் மேல குத்தம் இல்ல.

மூத்த_வடிவமைப்பாளர்:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டு இழை தொடங்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பெண்ட் அலவன்ஸ் (மடக்கில் செலவாகும் தகட்டு நீளம்) என்றால் என்ன என்று படிக்காமல் மென்பொருளைத் திறந்தால் இப்படித்தான் நடக்கும். எந்த மென்பொருள் என்றாவது எழுதியிருக்கலாம்.

அம்பத்தூர்_ஃபேப்:
சாலிட்வொர்க்ஸ். சி.ஆர். (கோல்ட் ரோல்டு ஸ்டீல்) ஷீட் 2 மி.மீ. கஸ்டமர் குடுத்த ஸ்டெப் (3டி மாடல்) ஃபைல், உள் ஆரம் 1. வெளி அளவு 40-100-40. ரெண்டு 40ம் சரியா வருது, நடு 100 மட்டும் 101.9. பிளாங்க் 174.3, ஃபைல்ல உள்ளதுதான். கே 0.5னு இருந்துச்சு, நான் தொடல. டை வாய் 16 மி.மீ.னு ஆபரேட்டர் சொல்றார்.

கோவை_டைமேக்கர்:
இப்பதான் விஷயம் பிடிபடுது. ஆபரேட்டர் பேக் கேஜை (பின்பக்கத் தடுப்பை) 40க்கு வெச்சு ரெண்டு பக்கமும் அடிக்கிறார். அதனால கூடுற நீளம் முழுக்க நடுவுல போய் சேருது. மெஷின்ல தப்பு இல்ல, பிளாங்க்தான் நீளம்.

காரணம் ஆரம். ஏர் பெண்டிங்ல (தகடு டை அடியைத் தொடாம மடக்குறப்ப) உள் ஆரத்தைப் பெரும்பாலும் வி வாய்தான் முடிவு பண்ணும், உங்க மாடல் இல்ல. மைல்டு ஸ்டீலுக்கு வாய் அகலத்துல சுமார் 16 சதவீதம். 16 டைல 2.5 கிட்ட வரும். நீங்க 1னு வெச்சு ஃப்ளாட் எடுத்திருக்கீங்க.

ஆரம் 1, கே 0.5 போட்டா ஒரு 90 டிகிரி பெண்டுக்குக் கழிவு (வெளி அளவுகளோட கூட்டல்ல இருந்து குறைக்கிறது) 2.86. ஆரம் 2.5, கே 0.41 போட்டா 3.79. ஒரு பெண்டுக்கு 0.93, ரெண்டுக்கு 1.86. நீங்க சொன்ன 1.9 வந்திருச்சு பாருங்க.

ஆனா என் எண்ணை நம்பி முழு ஷீட்டையும் வெட்டாதீங்க. அதே ஷீட்ல 100 நீளத்துக்கு ஒரு பட்டி வெட்டி, அதே டைல நடுவுல 90 அடிங்க. மூலைமட்டம் வெச்சு கோணம் பாருங்க, 91 இருந்தாகூட கணக்கு கெடும். ரெண்டு காலோட வெளி அளவையும் கூட்டி அதுல 100ஐக் கழிங்க. மிச்சம்தான் உங்க பெண்ட் டிடக்‌ஷன். 3.8 வந்தா ஃப்ளாட் 180ல இருந்து 7.6 போக 172.4.

கட்டற்ற_கேட்:
ஃப்ரீகேட்ல ஷீட்மெட்டல் வொர்க்பெஞ்ச் இருக்கு ப்ரோ, காசு வேண்டாம். அன்ஃபோல்டு பண்றப்ப கே 0.82 போடுங்க.

மூத்த_வடிவமைப்பாளர்:
0.82? நடுநிலை அச்சு (நீளம் மாறாத கோடு) தகட்டின் பாதிக் கனத்தைத் தாண்டி வெளியே போகாது. கே 0.5-க்கு மேல் வரவே வராது. தெரியாதவர்கள் பதில் சொல்ல வேண்டாம்.

கட்டற்ற_கேட்:
நீங்க சொல்றது ஆன்சி (அமெரிக்கத் தரம்) கணக்கு சார். ஜெர்மன் தரமான டின் 6935ல அதே எண் இரட்டிப்பா வரும், வரம்பு 1 வரை. ஃப்ரீகேட் எந்த முறைன்னு கேட்கும். நான் டின் வெச்சு சொன்னேன்.

மூத்த_வடிவமைப்பாளர்:
அப்படியானால் முறையைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதியது ஏன்? அவர் சாலிட்வொர்க்ஸில் 0.82 போட்டிருந்தால் ஷீட்டுக்கு யார் பொறுப்பு?

ஓசூர்_ஷீட்மெட்டல்:
அது நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டு பேரும் அதைத் தனி இழைல பேசுங்க, இவருக்கு காலைல வெட்டணும்.

அம்பத்தூர் தம்பி, கே-யோட மல்லுக்கட்ட வேண்டாம். பெண்ட் அலவன்ஸ் இடத்துல பெண்ட் டிடக்‌ஷன்னு மாத்தி, பட்டில வந்த எண்ணை நேரா போடுங்க. மாடல்ல ஆரம் 1ஆவே இருந்தாலும் வெளி அளவுல இருந்துதான் கழிக்கும், நீளம் சரியா வந்துரும். ஆனா டிராயிங்ல ஆரம் 1 கட்டாயமான்னு கஸ்டமர்கிட்ட கேட்டுக்கோங்க. கட்டாயம்னா 16 டைல அது வராது. சின்ன வி போட்டா டன்னேஜ் (மெஷின் அழுத்துற விசை) ஏறும், தகட்டுல டை கோடும் ஆழமா விழும்.

பீம்_பாஸ்:
எதுக்கும் கெர்ஃபையும் ஒரு தடவை பாத்துருங்க.

அம்பத்தூர்_ஃபேப்:
பட்டி 103.8 வந்துச்சு. 172.4 வெட்டினோம், நடு 100.1. ஆரம் கட்டாயம் இல்லன்னு கஸ்டமர் சொல்லிட்டார். எல்லாருக்கும் நன்றி, ஓட்டம்.

கோவை_டைமேக்கர்:
நல்லது. அந்த 3.8ஐ கனம், மெட்டீரியல், டை மூணோட சேர்த்து எழுதி மெஷின்லயே ஒட்டுங்க. இதே சேனலை 304 எஸ்.எஸ்.ல கேட்டா அதே எண்ணைப் போட்டுராதீங்க, அதே டைல ஆரம் இன்னும் பெருசா வரும். புதுசா ஒரு பட்டி அடிங்க. ஆமா, ரேடியஸ் கேஜ் வெச்சு உள் ஆரம் அளந்தீங்களா? எவ்வளவு இருந்துச்சு?