டார் கோப்பைப் பிரிக்க இசட் வேண்டுமாம், வாத்தியார் சொல்கிறார்

லயத்துலினக்ஸ்:
சுங்கை சிப்புட் டவுனில் கணினி வகுப்புக்குப் போகிறான் என் தம்பி மகன். எங்கள் தோட்டத்துப் பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் லினக்ஸ் கட்டளையான டாரால் ஒரே டார்.ஜிஇசட் கோப்பாகக் கட்டி, ஜிஜிப்பால் சுருக்கி அவனிடம் கொடுத்தேன். ‘டார் -எக்ஸ்எஃப்’ (எக்ஸ் என்றால் பிரி, எஃப் என்றால் அடுத்து வருவது கோப்பின் பெயர்) என்று அடித்துக் கோப்பின் பெயரைப் போடு, பிரிந்துவிடும் என்றேன். வகுப்பு வாத்தியார் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். “‘-எக்ஸ்இசட்எஃப்’ என்று நடுவில் இசட் போடாமல் ஜிஇசட் திறக்கவே திறக்காது, உன் பெரியப்பாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை ஐயா. லினக்ஸில் இருக்கும் குனு டாரின் 1.15 பதிப்பு வந்தது 2004 டிசம்பரில். அன்றிலிருந்து பிரிக்கும்போது அதுவே கோப்பைப் பார்த்து ஜிஜிப்பா, பிஜிப்2-ஆ, எந்த முறையில் சுருக்கியது என்று கண்டுபிடித்துக்கொள்கிறது. கட்டும்போதுதான் இசட் வேண்டும். பையன் பிறப்பதற்கு முன்னால் நடந்த மாற்றம் இது.

பால்மரம்:
வாத்தியார் சொன்னதுதான் சரி. இசட் போடணும்.

லயத்துலினக்ஸ்:
ஏன் போடணும்?

பால்மரம்:
போடணும் என்றால் போடணும். நான் சர்வர் பார்க்கிறவன். ஒரு கோப்பை ‘கேட்’ கட்டளையால் படித்து, பைப் வழியாக (ஒரு கட்டளை தருவதை நேராக அடுத்த கட்டளைக்குத் தள்ளுவது) ‘டார் -எக்ஸ்எஃப் -’ க்கு அனுப்பிப் பாருங்கள். இது சுருக்கிய கோப்பு, இசட் போடு என்று டாரே வாய்விட்டுச் சொல்லும். டாரே கேட்கிறது, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். யாரை நம்புவது?

லயத்துலினக்ஸ்:
பையன் எங்கே அண்ணே பைப் வழியாக அனுப்பினான்? பென் டிரைவில் இருந்த கோப்பு அது. பைப் என்றால் முன்னால் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வர முடியாது, அதனால் டார் கையை விரிக்கிறது. பின்னால் நகர முடியாத பழைய டேப் டிரைவும் அப்படித்தான். மற்ற இடத்தில் தேவையே இல்லை என்று குனு கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

பால்மரம்:
ஆக, தேவைப்படும் இடம் இருக்கிறது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

லயத்துலினக்ஸ்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
காலையில் பசியாறும்போது திறந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? டார் சுருக்குவதே இல்லையே. அது கோப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயரும் அளவும் எழுதி, 512 பைட் கட்டங்களாக வைக்கிறது, அவ்வளவுதான். சுருக்குவது ஜிஜிப்பின் வேலை. இசட் என்பது “ஜிஜிப்பைக் கூப்பிடு” என்று சொல்வது. இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் சண்டை முடிந்துவிடுமே.

பால்மரம்:
டீச்சர், அதெல்லாம் சரி. இசட் வேண்டுமா வேண்டாமா?

லயத்துலினக்ஸ்:
டீச்சர், வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள்?

செம்பனைக்காட்டான்:
நான் விண்டோஸ் ஆள். 2018க்குப் பிறகு விண்டோஸ் 10இலேயே டார் கட்டளை வந்துவிட்டது. நான் இசட்டும் போடுவதில்லை, எதுவும் போடுவதில்லை. ‘டார் -எக்ஸ்எஃப்’ என்று போட்டு ஜிப் கோப்பையே பிரிக்கிறேன்.

பால்மரம்:
சும்மா கதை விடாதீர்கள் பாஸ். டார் எங்கே ஜிப்பைத் திறக்கும்?

செம்பனைக்காட்டான்:
விண்டோஸில் இருப்பது பிஎஸ்டி டார் என்ற வேறு நிரல். குனு இல்லை. அது திறக்கும். வீட்டுக்கு வாங்க, காட்டுகிறேன்.

பால்மரம்:
நாங்கள் லினக்ஸ் பேசிக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ்காரர்கள் தனியாக ஓர் இழை தொடங்கிக்கொள்ளலாம்.

செம்பனைக்காட்டான்:
போன தைப்பூசத்துக்கு விண்டோஸ்காரன் வீட்டில்தானே படம் எடுத்துக்கொண்டு போனீர்கள். அப்போது தெரியவில்லையா?

லயத்துலினக்ஸ்:
தைப்பூசத்தை எடுத்ததால் சொல்கிறேன். பால்மரம் அண்ணன் எனக்கு அனுப்பிய கோப்பை இன்னும் மறக்கவில்லை. உள்ளே அடைவே (ஃபோல்டர்) கிடையாது. பிரித்ததும் நூற்றுக்கணக்கான படங்கள் நேராக என் கணினியின் ஹோம் அடைவில் கொட்டின. என்னிடம் ஏற்கெனவே இருந்த ‘காவடி1’ படத்தின் மேலேயே அவருடைய ‘காவடி1’ உட்கார்ந்துகொண்டது. டார் கேட்காது, மேலே எழுதிவிடும். அந்தப் படத்தில் எங்கள் அப்பா இருந்தார்.

பால்மரம்:
‘டார் -டிஎஃப்’ போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ‘-சி’ பெரிய எழுத்தில் போட்டு வேறு அடைவைச் சொல்லியிருக்கலாம். இசட் தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்?

லயத்துலினக்ஸ்:
அனுப்புகிறவருக்கு ஓர் அடைவுக்குள் வைத்துக் கட்டத் தெரியாதா? இதுதான் சர்வர் பார்க்கிற லட்சணமா?

பால்மரம்:
பேச்சை மாற்றாதீர்கள். இசட்.

மண்டோர்பேரன்:
எனக்கு ஒரு சந்தேகம். கோப்பு கட்ட ‘டார் -சிஎஃப்இசட்’ (சி என்றால் கட்டு) என்று போட்டேன். ‘இசட்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வந்து உட்கார்ந்துகொண்டு, நான் கொடுத்த பெயரில் கோப்பே இல்லை என்கிறது. ஏன்?

லயத்துலினக்ஸ்:
தம்பி, எஃப்புக்கு அடுத்தாற்போல் வருவது எதுவோ அதுதான் கோப்பின் பெயர். முன்னால் கோடு (-) போட்டால் எஃப் கடைசியில் வரட்டும்: ‘-சிஇசட்எஃப்’. கோடு போடாமல் பழைய முறையில் ‘சிஎஃப்இசட்’ என்று எழுதினால் வேலை செய்யும். அந்தப் பழைய முறை 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு டார் வந்த காலத்தது.

பால்மரம்:
பார்த்தீர்களா? இசட் எங்கே வரணும் என்று ஊரே கேட்கிறது. இவர் இசட்டே வேண்டாம் என்கிறார்.

லயத்துலினக்ஸ்:
அவன் கட்டுகிறான்! நான் பேசுவது பிரிப்பதைப் பற்றி! சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். இணையத்திலிருந்து இறக்கும்போது சில நேரம் உலாவியே சுருக்கத்தை அவிழ்த்துவிட்டு, பெயரை மட்டும் டார்.ஜிஇசட் என்று விட்டுவிடும். அதற்கு இசட் போட்டால் “ஜிஜிப் வடிவம் இல்லை” என்று டார் செத்துவிழும். இசட் போடாமல் எக்ஸ்எஃப் மட்டும் போட்டால் நன்றாகத் திறக்கும். உங்கள் இசட்தான் அங்கே கெடுக்கிறது.

பால்மரம்:
அது உலாவியின் குற்றம்.

லயத்துலினக்ஸ்:
பைப்பின் குற்றம் மட்டும் என் குற்றமா?

பால்மரம்:
என் பழைய நாஸ் பெட்டியில் (வீட்டு வலையில் கோப்பு சேமிக்கும் பெட்டி) சிறு கருவிகளுக்கான பிஸிபாக்ஸ் தொகுப்பின் டார் இருக்கிறது. தானாகக் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்க்காமல் கட்டியிருக்கிறார்கள். இசட் போட்டால்தான் திறக்கிறது. அங்கே வந்து உங்கள் 2004 வரலாற்றைச் சொல்லுங்கள், பெட்டி கேட்கிறதா பார்ப்போம். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுதினால் இசட் வந்தே தீரும். வாத்தியார் அனுபவசாலி.

செம்பனைக்காட்டான்:
வாத்தியார் உங்கள் மச்சான் என்று டவுனுக்கே தெரியும்.

பால்மரம்:
அது இதில் வராது.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
எல்லாம் ஜேபெக் படங்கள்தானே? அவை ஏற்கெனவே சுருங்கியவை. ஜிஜிப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றும் குறையாது. வெறும் டார் கட்டிக் கொடுத்திருந்தால் இசட் என்ற பேச்சே எழுந்திருக்காது.

லயத்துலினக்ஸ்:
டீச்சர், உள்ளே படம் மட்டும் இல்லை. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கையால் எழுதிய சம்பளப் புத்தகத்தைப் பார்த்து தட்டச்சு செய்த பக்கங்கள் இருக்கின்றன, அவை நன்றாகச் சுருங்கும். தாத்தாவின் பங்குச் சீட்டும் இருக்கிறது, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) உடைத்த பிறகு எங்களிடம் மிஞ்சியது இந்த ஒரு கோப்புதான். அதைத்தான் வகுப்பில் வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

மண்டோர்பேரன்:
அண்ணே, அந்தச் சம்பளப் புத்தகத்தில் எங்கள் தாத்தா பெயர் இருக்குமே. எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

பால்மரம்:
அனுப்பும்போது இசட் போட்டுத்தான் பிரிக்கணும் என்று எழுதி அனுப்புங்கள்.

லயத்துலினக்ஸ்:
அனுப்பிவிட்டேன் தம்பி. எக்ஸ்எஃப் போதும்.

மண்டோர்பேரன்:
வந்தது அண்ணே. இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் திறக்கிறது.

பால்மரம்:
இசட் போட்டதும் திறந்ததல்லவா? அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

லயத்துலினக்ஸ்:
போடாமலும் திறந்தது என்கிறான், கண்ணில் படவில்லையா?

செம்பனைக்காட்டான்:
பால்மரம் பாஸ், அந்தத் தைப்பூசப் படம் எடுத்துப்போன ஹார்ட் டிஸ்க் என்னுடையது. எப்போது திருப்பித் தருகிறீர்கள்?

பால்மரம்:
இந்த இழை டாரைப் பற்றியது.