சனி, ஞாயிறு கதைப்பாடல் விழாவில் வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு நேரம்?

கேள்வி: திருநெல்வேலியில் சனி, ஞாயிறு இரு நாளும் நாட்டுப்புறப் பாடகர்களை அழைத்து விழா நடத்தவிருக்கிறோம். குழுவுக்கு 45 நிமிடம் ஒதுக்கினால், முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் முழுமையாகக் கேட்க இயலுமா?

பதில் 1: இயலாது, ஐயா. கோயில் கொடை விழாவில் விடிய விடிய நீளும் கதைகளுள் ஒன்று அது. கதை தொடங்குமுன் வரும் காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் என்ற முன்பாடல்களைப் பாடி முடிப்பதற்குள்ளேயே உங்கள் நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காக அந்தணனான பட்டன் பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்க அமரும் பகுதியை மட்டும் பாடச் சொல்லுங்கள். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த இக்கதையின் 1971ஆம் ஆண்டுப் பதிப்பை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

பதில் 2: ஒலிபெருக்கியிலும் கவனம் தேவை. தாளத்துக்காகக் குடத்தின் வாயில் தட்டும் மட்டை விழும்போது எழும் கும்மென்ற ஓசை, ஒலிவாங்கி அருகிலிருந்தால் கதை பாடும் புலவரின் குரலையே விழுங்கிவிடும். வில்லில் கட்டிய மணிகளுக்கோ தனி ஒலிவாங்கியே வேண்டாம். பின்பாட்டுக்காரர்களை மறந்துவிடாதீர்கள், அவர்கள் "ஆமா" போடாவிட்டால் கதை நகராது.

கேள்வி கேட்டவர்: நன்றி. சனிக்கிழமை இரவு முழுவதையும் ஒரே குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.