பயிற்சியாளர் ஜிகோவை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர் ஜிகோவைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கேட்பது பயிற்சியாளர் ஜிகோவை. ஜப்பான், துருக்கி, உஸ்பெகிஸ்தான், ரஷ்யா, கிரீஸ், இராக், கத்தார், கடைசியில் நம் கோவா என்று ஊர் ஊராகப் போன மனிதர். தமிழர்கள் இல்லாத ஊர் ஏது? யாராவது எங்காவது அவரைக் கோட்டோரம் நிற்கப் பார்த்திருப்பீர்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் வியாசர்பாடி. உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருக்கள் பிரேசில் மஞ்சளுக்கு மாறிவிடும். எனக்கு ஜிகோ பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. 1986 ஜூன் 21, பிரான்சுக்கு எதிரான காலிறுதி. நம் நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம். தெருவில் டிவி இருந்த வீட்டு வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாராம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜிகோ, சில நிமிடங்களிலேயே கிடைத்த பெனால்டியைத் தவறவிட்டார். பிரான்ஸ் கோல்கீப்பர் பாட்ஸ் தடுத்துவிட்டார். ஆட்டம் 1-1, ஷூட் அவுட்டில் பிரேசில் வெளியேறியது. "ஷூட் அவுட்ல ஜிகோ அடிச்சது கோல்தான். விட்டது சாக்ரடீசும் ஜூலியோ சீசரும். அதை எவனும் சொல்ல மாட்டான்" என்று பெரியப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்; அம்மாவும் தங்கையும் மாடி வீட்டுக்காரர்களிடம் தங்கியிருந்தார்கள். சென்னையின் எஃப்சி அணி சொந்த ஊரில் ஆட வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் இறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரணி ஜிகோவின் கோவா. இடம் மட்காவ் ஃபடோர்டா மைதானம். நான் ஊருக்குப் போய் வீட்டிலிருந்த சேற்றையெல்லாம் வழித்துக் கழுவி முடித்த வாரம் அது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், "போய்ட்டு வாடா, பெரியப்பா இருந்திருந்தா கிளம்பியிருப்பாரு" என்றார். பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்தேன்.

கோவா அந்த வருடம் லேசான அணி இல்லை. லீக் பட்டியலில் முதலிடம். மும்பையை 7-0 என்று அடித்த ஆட்டத்தில் டூடூ, ஹாவோகிப் இரண்டு பேருமே ஹாட்ரிக். முந்தைய வருடம் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்காமல், ஷூட் அவுட்டில் கொல்கத்தாவிடம் தோற்று வெளியேறியிருந்தார்கள். அதனால் இந்த முறை கோப்பை எங்களுடையது என்ற நம்பிக்கை ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆட்டோக்காரர்கூட அதைத்தான் பேசினார்.

கோவா பெஞ்ச் எனக்கு நேர் எதிரே இருந்தது. முதல் பத்து நிமிடம் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. 62 வயது ஜிகோ, பெரியப்பாவின் ஜிகோ, அதோ நிற்கிறார். அதை மனதுக்குள் பதிய வைக்கவே நேரம் போதவில்லை.

இரண்டாம் பாதியில்தான் எல்லாம் நடந்தது. 54ஆவது நிமிடம் எங்கள் பெலிசாரியின் பெனால்டியைக் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். 87இல் ஜோஃப்ரே ஒரு ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் இறக்கினார். கோவா 2-1. மைதானமே எழுந்து ஆடியது. பக்கத்து இருக்கையில் ஒரு கோவாப் பெரியவர், என் அப்பா வயது இருக்கும், என்னைத் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொன்னார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

90ஆவது நிமிடம் உயரமாக வந்த பந்தைக் கட்டிமணி சமாளிக்கப் போய், அது அவர் கை பட்டே உள்ளே போனது. சேம் சைடு கோல். மூச்சு விடுவதற்குள் 92இல் எங்கள் மெண்டோசா. 3-2. நாங்கள் கொஞ்சப் பேர்தான் இருந்தோம். கத்தினோம், அழுதோம், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டோம். எனக்கு அழுகை வந்தது கோப்பைக்காக மட்டும் இல்லை. அந்த மாதம் முழுக்க அடக்கி வைத்திருந்தது அது.

அப்புறம் எதிரே பார்த்தேன். ஜிகோ நின்ற இடத்திலேயே நின்றார். பக்கத்துப் பெரியவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "ஜெர்மனியிலும் இவருக்கு இதேதான் நடந்தது."

அவர் சொன்னது 2006 ஜூன் 12, கைசர்ஸ்லாட்டர்ன். ஜிகோவின் ஜப்பான் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 26ஆவது நிமிடத்திலிருந்து 1-0 முன்னிலை. 84இல் கேஹில், 89இல் மறுபடி கேஹில், 92இல் அலோய்சி. எட்டு நிமிடத்தில் மூன்று கோல். ஃபடோர்டாவில் மூன்று நிமிடத்துக்குள் இரண்டு.

ஆட்டக்காரர்களை அளவுக்கு மீறி நம்பினார், பிடியை விட்டுவிட்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் அந்தக் கடைசி நிமிடங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவரை வேறு இடத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுகுபா, ஜப்பானிலிருந்து

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். நான் 2003இல் இங்கே ஆராய்ச்சிக்கு வந்தவன். சுகுபா இருக்கும் அதே இபராகி மாவட்டத்தில்தான் காஷிமாவும் இருக்கிறது. அங்கே ஜிகோவைப் பற்றிப் பேசும்போது ஆட்டக்காரர், பயிற்சியாளர் என்று யாரும் பிரிப்பதில்லை. 'கால்பந்தின் கடவுள்' என்பார்கள், அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. காஷிமா கடலோரத்தில் எஃகு ஆலை இருக்கும் சின்ன ஊர். அந்த ஆலை நிறுவனமான சுமிதோமோ மெட்டல்ஸின் அணி இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் தொடங்கப்போகிறது என்றபோது, உங்களுக்கு இடம் கிடைக்காமல் போக 99.9999 சதவீதம் வாய்ப்பு, 15,000 பேர் உட்காரக் கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்று லீக் தலைவர் சொன்ன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கட்டிவிட்டார்கள்! 1991இல் ஜிகோ வந்தார். அதற்கு முந்தைய வருடம் பிரேசில் அரசில் விளையாட்டுத் துறைச் செயலாளராகப் பொறுப்பேற்றவர், ஒரு கம்பெனி அணிக்கு வந்து ஆடினார். 1993 மே மாதம் ஜே லீக்கில் காஷிமாவின் முதல் ஆட்டம்: நகோயாவுக்கு எதிராக 5-0, அதில் மூன்று கோல் 40 வயது ஜிகோ அடித்தது. அர்ப்பணிப்பு, நேர்மை, மரியாதை என்ற மூன்று சொற்களை 'ஜிகோ ஸ்பிரிட்' என்று அந்தக் கிளப் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

2002இல் அவர் தேசிய அணிப் பயிற்சியாளரானார். முன்பு இருந்த ட்ருசியே எல்லாவற்றையும் கோடு போட்டு நடத்தியவர். யார் எங்கே நிற்பது என்பதுவரை அவர் சொல்வதுதான். ஜிகோ நேர்மாறு. நகாதா, நகமுரா, ஓனோ, இனமோதோ நான்கு பேரையும் நடுவில் விட்டு, நீங்களே யோசித்து ஆடுங்கள் என்றார். என் ஆய்வகத்தில் இதற்கு இரண்டு கட்சி. மூத்தவர் ஒருவர், சொல்லிக்கொடுக்காமல் எப்படிச் செய்வார்கள் என்று கோபப்படுவார்.

2004 ஆசியக் கோப்பை காலிறுதியை அவரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். சீனாவின் சோங்சிங்கில் ஜோர்டானுக்கு எதிராக 1-1, ஷூட் அவுட். நகமுரா வழுக்கிப் பந்தை மேலே அனுப்பினார். அடுத்து அலெக்ஸ், அவருக்கும் அதே கதி. உதைக்கும் இடத்தில் புல்தரை பெயர்ந்துபோயிருந்தது. அப்போது கேப்டன் மியமோதோ நேராக நடுவரிடம் நடந்து போனார். மலேசிய நடுவர். அவரிடம் ஆங்கிலத்தில் பேசி, எதிர்ப்பக்க கோலுக்கு மாற்றச் சொன்னார். நடுவர் மாற்றினார்! அதன் பிறகு கோல்கீப்பர் கவகுச்சி ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். 4-3. என் மூத்தவர் எழுந்து நின்று, "மியமோதோவைப் போகச் சொன்னது யார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே உட்கார்ந்துவிட்டார்.

அரையிறுதியில் பஹ்ரைனிடம் 3-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நகசவா தலையால் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 4-3. பெய்ஜிங் இறுதியில் சீனாவையே 3-1. ஆக, தம்பி, அந்தக் கடைசி நிமிடங்கள் அவரிடமிருந்து பிடுங்கியது மட்டும் இல்லை, கொடுத்ததும் உண்டு. கைசர்ஸ்லாட்டர்னை மறுக்கவில்லை. மறுநாள் ஆய்வகத்தில் ஒருவரும் பேசவில்லை. ஆனாலும் யோசித்து ஆடப் பழகிய அணிதான் சோங்சிங்கில் ஜெயித்தது.

கொல்கத்தாவிலிருந்து

நான் பார்த்தது ஒரே ஒரு முறை. 2004 செப்டம்பர் 8, சால்ட் லேக் மைதானம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா-ஜப்பான். ஜப்பானில் நம்மை 7-0 என்று அடித்திருந்தார்கள், இங்கே 4-0. இடைவேளையில் விளக்குகள் அணைந்து, ஆட்டம் மறுபடி தொடங்கத் தாமதமானது. கூட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவைப் பார்க்க வரவில்லை, ஜிகோவைப் பார்க்க வந்திருந்தார்கள். என் அலுவலக நண்பர், தீவிர மோகன் பகான் ரசிகர், ஜிகோ உள்ளே நடந்து வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டார். பத்து வருடம் கழித்து அதே மனிதர் இந்தியக் கிளப்புக்குப் பயிற்சியாளராக வருவார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

தோஹாவிலிருந்து

கேஹில் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை அண்ணா. நீங்கள் சொன்ன கதை இங்கேயும் நடந்தது.

2011இல் ஜிகோ இராக் பயிற்சியாளர் ஆனார். அவர்கள் தங்கள் நாட்டில் ஆட முடியாத காலம், 'சொந்த ஊர்' ஆட்டங்களை இங்கே ஆடினார்கள். 2012 அக்டோபர் 16, கிராண்ட் ஹமத் மைதானம், எதிரணி ஆஸ்திரேலியா. எங்கள் சைட்டில் என்னோடு வேலை பார்த்த இராக்காரர் ஒருவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் பாக்தாதை விட்டு வந்து பல வருடம். கேலரியில் அவரைப் போன்றவர்கள்தான் அதிகம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் தேசிய கீதத்துக்கே கண் கலங்கிவிட்டார்கள்.

72ஆவது நிமிடம் அலா அப்துல் சஹ்ரா கோல் அடித்தார். என் நண்பர் என்னைத் தூக்கிவிட்டார். 80இல் கார்னரிலிருந்து கேஹில் தலையால் முட்டினார். 84இல் தாம்சன், அதுவும் தலையால். 2-1. ஆறு வருடத்துக்கு முன் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. இரவு அறைக்கு வந்து படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அதே நாடு, அதே ஆள்.

அடுத்த மாதமே ஜிகோ விலகிவிட்டார். என் நண்பருக்கு அவர்மேல் கோபம் இல்லை. எங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் இல்லாத ஊரில், எங்களுக்காக நின்றாரே என்றார். அவர் பார்வை அது. எனக்குக் கால்பந்து நுணுக்கம் அதிகம் தெரியாது, ஆனால் அன்றைக்குத் தோற்ற பிறகும் ஒருவர்கூட அவரைத் திட்டி நான் கேட்கவில்லை.

முதலில் எழுதியவன்

எல்லோருக்கும் நன்றி. தோஹா தம்பி சொன்ன ஆட்டம் எனக்குத் தெரியாது, படித்ததிலிருந்து மனது ஒரு மாதிரி இருக்கிறது.

சுகுபா அண்ணா சொன்னதற்குத் துணையாக ஒன்று. 2008 மார்ச், சாம்பியன்ஸ் லீக், செவியா ஊரில் ஜிகோவின் துருக்கி கிளப் ஃபெனர்பாச்சே. முதல் ஒன்பது நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டார்கள், இரண்டிலும் கோல்கீப்பர் வோல்கனின் தவறு இருந்தது. அந்த வோல்கனேதான் ஷூட் அவுட்டில் மூன்று உதைகளைத் தடுத்தார். அந்தக் கிளப் முதல் முறையாகக் காலிறுதிக்குப் போனது. அங்கே செல்சியையும் இஸ்தான்புல்லில் 2-1 என்று வென்று, லண்டனில்தான் தோற்றார்கள். அதற்கு முந்தைய சீசனில், கிளப்பின் நூறாவது ஆண்டில், லீக் கோப்பையும் வாங்கிக்கொடுத்திருந்தார். துருக்கி ரசிகர்கள் அவரை 'ஆர்தர் அரசர்' என்றார்கள். அவருடைய இயற்பெயர் ஆர்தர்தான்.

கட்டிமணியை நினைத்துக்கொள்கிறேன். ஃபடோர்டாவில் அந்தப் பெனால்டியை எப்படித் தடுத்தார் என்பதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. எல்லோரையும் போல அந்த சேம் சைடு கோலை மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறேன். பெரியப்பா கேட்டால் திட்டியிருப்பார்.

அண்ணா, ஏப்ரலில் வேலையாகத் தோக்கியோ வருகிறேன். காஷிமாவுக்கு எப்படிப் போக வேண்டும்?

சுகுபா, ஜப்பானிலிருந்து

தோக்கியோ ஸ்டேஷன், யாயெசு தெற்கு வாசல். அங்கே காஷிமா ஜிங்கூ போகும் பேருந்தில் ஏறுங்கள், சுமார் இரண்டு மணி நேரம். ஆட்டம் இருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். அன்றைக்குத்தான் மைதான ஸ்டேஷனில் ரயிலும் நிற்கும். மைதானத்தில் குடல் போட்டுக் காய்ச்சும் ஒரு சூப் விற்பார்கள், நம் ஊர்க் குடல் குழம்புக்குப் பக்கத்தில் வரும், ஏப்ரல் குளிருக்கு இதமாக இருக்கும். ஜிகோ சிலை வாசலிலேயே இருக்கிறது. நான் அங்கே நிற்கிறேன்.