மண் கார்பன்: இருப்பா, சேமிப்பா, அடைக்கலமா?

மடல் 1
நண்பர்களே,
வயல் மண்ணில் கார்பனை அளப்பது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்றைக்கு மண்ணில் உள்ள கார்பன், இனி புதிதாகச் சேர்வது, இரண்டுக்கும் 'கரிமச் சேமிப்பு' என்றே போட்டிருக்கிறேன். போதுமா?

மடல் 2
போதாது. சேமிப்பு என்றால் யாரோ போட்டு வைத்தது என்றாகிவிடும். உள்ளது 'இருப்பு'. ஒரு எக்டேரில் 30 செ.மீ. ஆழத்துக்கு 3,000 கன மீட்டர் மண். வளையத்தால் வெட்டியெடுத்து, 105 பாகை செல்சியஸில் உலர்த்தி நிறுத்தால் கன மீட்டருக்கு 1.3 டன் என்று வையுங்கள். மொத்தம் 3,900 டன். அதில் 1 விழுக்காடு கார்பன் என்றால் இருப்பு 39 டன். டிராக்டர் ஏறி மண் இறுகி 1.4 ஆகிவிட்டால், அதே 30 செ.மீ.யில் 42 டன் காட்டும்! புதிதாக ஒரு கிராம்கூடச் சேரவில்லை, அளவுக்குள் கூடுதல் மண் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் சம ஆழத்தை விட்டுச் சம நிறை மண்ணை ஒப்பிடுகிறார்கள். இதைப் போய்ச் சேமிப்பு என்பதா?

அப்புறம், 'கரிமம்' வேண்டாம். கார்பனுக்கும் அதே சொல், உயிர்ப்பொருளிலிருந்து வந்தது ('ஆர்கானிக்') என்பதற்கும் அதே சொல். மண்ணில் சுண்ணாம்பிலும் கார்பன் உண்டு. அதிலிருந்து மட்கின் கார்பனைப் பிரித்துச் சொல்ல 'கரிமக் கரிமம்' என்பீர்களா? ஆய்வுக்கூடத்தில் சொல்வதுபோல் 'அங்ககக் கார்பன்' என்றே எழுதுங்கள்.

மடல் 3
'அங்ககம்' வடசொல், 'கார்பன்' அயற்சொல். இரண்டையும் சேர்த்துவிட்டு இதைக் கலைச்சொல் என்கிறார் நண்பர்! புதிதாகச் சேர்வதற்கு ஆங்கிலத்தில் 'செக்வஸ்ட்ரேஷன்' என்கிறார்கள். அதன் இலத்தீன் வேர், வழக்காடும் இருவருக்கும் பொதுவான ஒருவனைக் குறிப்பது. பொருளை அவனிடம் ஒப்படைப்பார்கள். நம்மிடம் 'அடைக்கலப் பொருள்' இருக்கிறதே! 'கரியடைக்கலம்' என்பேன். அடைக்கலம் வைத்ததைத் திருப்பித் தந்தாக வேண்டும். மண்ணும் உழுது கிளறினால் காற்றுக்கே திருப்பித் தருகிறது. எவ்வளவு பொருத்தம்!

மடல் 4
ஐயா, குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்ற இடத்தில் கரி என்றால் சாட்சி. யானைக்கும் கரி என்று பெயர். கரியடைக்கலம் என்றால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்றுதான் படிப்பேன். இலங்கையில் 'சேதனக் காபன்' என்பார்கள், அதையும் கணக்கில் எடுங்கள்.

மடல் 3-இல் எழுதியவர், மறுபடியும்
சாட்சி என்பதும் நல்லதுதான் அம்மா! அளந்ததை மூன்றாமவர் வந்து சரிபார்ப்பதற்குக் 'கரிகாண்டல்' என்று வைத்துக்கொள்ளலாமே. 'சேதனம்' மட்டும் தமிழா?

மடல் 2-இல் எழுதியவர்
கரிகாண்டலா? படிக்கிற விவசாயி, வயல் தீப்பிடித்ததோ என்று ஓடி வருவார். 'சரிபார்ப்பு' போதாதா?

மடல் 1-இல் எழுதியவர்
எல்லோருக்கும் நன்றி. அச்சகம் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது. 'அங்ககக் கார்பன் இருப்பு', 'கார்பன் சேர்ப்பு', 'தொடர் அளவீடு', 'சரிபார்ப்பு' என்று அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் ஒரு குறிப்பாகச் 'சேதனக் காபன்' உண்டு. 'கரியடைக்கலம்' சேர்க்க இடமில்லை, மன்னிக்கவும் ஐயா.

மடல் 3-இல் எழுதியவர்
'சேர்ப்பு' கடன் கணக்குபோல இருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'இருப்பு' பற்றி நாளை விரிவாக எழுதுவேன்.