பச்சை பிளேட் குரூப்: புது வண்டிக்கு எதுக்கு டிக், எதுக்கு கோடு

கவிதா (பி 304), காலை 7:48
எல்லாருக்கும் வணக்கம்ங்க. புதன்கிழமை எங்க எலக்ட்ரிக் கார் டெலிவரி. ஷோரூம்ல ஆக்சஸரீஸ் லிஸ்ட் ஒண்ணு குடுத்து, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள டிக் அடிச்சு அனுப்பச் சொல்றாங்க. எது போடறது எது விடறதுன்னு தெரியல.

கவிதா (பி 304), 7:50
7டி மேட், சீட் கவர், அண்டர்பாடி கோட்டிங், பிபிஎஃப் (பெயின்ட் மேல ஒட்டற பாதுகாப்பு ஃபிலிம்) ஃபுல் பாடி, சன் ஃபிலிம், முன்னாடி புல் கார்டு (பம்பர் மேல மாட்டற இரும்புக் கம்பி), ஃபாக் லேம்ப் கிட், ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்ப், ஆம்பியன்ட் லைட், டேஷ் கேம், மட் ஃப்ளாப், எலி வலை. எங்களது நடு வேரியன்ட், ஃபாக் லேம்ப் இல்ல. குன்னூர் அடிக்கடி போவோம், அதனால ஃபாக் லேம்ப் கண்டிப்பா வேணும்.

செந்தில் (ஏ 102), 7:58
கவிதா, முதல்ல ரெண்டே விஷயம். வண்டியோட ஒரிஜினல் வயரை வெட்டற எதுவும் வேண்டாம். பேட்டரி பேக்குக்கு அடியில ஒட்டற, துளை போடற எதுவும் வேண்டாம். மத்ததெல்லாம் ரசனையும் பட்ஜெட்டும்தான்.

ரங்கசாமி (சி 401), 8:03
புல் கார்டுக்கு இப்பவே கோடு போட்டுருங்க. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் எழுதிருச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுக்கு அது விரோதம்னு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போகும். ஷோரூம்ல வைக்கறாங்கங்கறதுக்காக அது சட்டப்படி சரின்னு ஆயிடாது.

செந்தில் (ஏ 102), 8:06
சட்டத்தை விடுங்க சார், அது மாட்டினா பாதுகாப்பே குறையும். முன்னாடி இடி வாங்கினா பம்பர் பீமும் க்ரம்பிள் ஸோனும் மடங்கி அடியை உள்வாங்கணும். கார்டை நேரா சேசிஸ் முனையில போல்ட் பண்ணிட்டா அடி வேற வழியா போகுது, ஏர்பேக் சென்சார் எதிர்பார்க்கற கணக்கு மாறிடுது. ரோட்ல நடந்து போறவங்க மேல பட்டா கேக்கவே வேண்டாம்.

கவிதா (பி 304), 8:08
சரிங்க, புல் கார்டு கட். அண்டர்பாடி கோட்டிங்? மழையில துரு பிடிக்கும்னு ரொம்ப வற்புறுத்தறாங்க.

செந்தில் (ஏ 102), 8:15
பெட்ரோல் காருக்கு அடிக்கற மாதிரியே இதுக்கும் கன்னை வெச்சு முழுசா அடிச்சு விட்டுருவாங்க, அங்கதான் வினை. பேட்டரி பேக்ல காத்து அழுத்தம் சமன் ஆகறதுக்கு சின்ன வென்ட் இருக்கும், அது அடைஞ்சா சிக்கல். ஹை வோல்டேஜ் போற ஆரஞ்சு கேபிள், கூலன்ட் ஹோஸ், எர்த் போல்ட், பிரேக் டிஸ்க் இதுல எதுலயும் அந்த கருப்பு ரப்பர் படக்கூடாது. பேக் மேல அடிச்சா நாளைக்கு சர்வீஸ்ல போல்ட் கழட்ட முடியாம வாரண்டி பேச்சுல போய் நிக்கும். வேணும்னா வீல் ஆர்ச் உள்பக்கத்துக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்க. எழுதி வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னா காத்தோட போயிரும்.

சுமதி (பி 201), 8:19
பேட்டரிக்கு அடியில இரும்பு ஸ்கிட் பிளேட் போடறாங்களே, அது எப்படி?

செந்தில் (ஏ 102), 8:24
கம்பெனி பார்ட்டா, ஏற்கனவே இருக்கற போல்ட் ஓட்டையில உக்காருதுன்னா மட்டும் சரி அக்கா. புதுசா துளை போட்டா அவுட். வெளில பண்றதுல இன்னொரு தொல்லை, தண்ணி வடியற ஓட்டை விட மாட்டாங்க. ஜல்லியும் சேறும் நடுவுல சிக்கி, பேக் பெயின்ட்டை ஓடஓட தேய்ச்சு எடுக்கும். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு ஃபுல் லோடுல குறுக்கா மெதுவா ஏறி இறங்கறதே போதும்.

பிரபு (டி 105), 8:31
அக்கா வணக்கம், பிபிஎஃப் நான் சொல்றேன். ஃபுல் பாடி வேண்டாம். கல் அடி படற இடம் பம்பர், பானட்டோட முன் பகுதி, மிரர் மூடி, கதவு விளிம்பு, கைப்பிடிக்கு உள்ள இருக்கற குழி, சார்ஜிங் மூடியைச் சுத்தி. அங்க மட்டும் போட்டா செலவு பாதிக்கும் கீழ வந்துரும். டிபியூ ஃபிலிம்தானான்னு கேளுங்க, 150 மைக்ரானுக்கு மேல இருக்கணும். விலை ரொம்ப கம்மியா சொன்னா அது பிவிசி, நம்ம வெயில்ல மஞ்சளாகி விளிம்பு உரியும்.

பிரபு (டி 105), 8:33
பார்க்கிங் சென்சார் வட்டம் மேல ஃபிலிம் வரக்கூடாது, அங்க வெட்டி விடணும். இல்லன்னா எதிர்ல ஒண்ணுமே இல்லாம பீப் அடிக்கும், இல்ல செவுரு இருந்தும் அடிக்காது. ரேடார் இருக்கற வண்டின்னா முன்னாடி லோகோ மேலயும் எதுவும் ஒட்டாதீங்க. ஹெட்லைட்டுக்கு ஸ்மோக் ஃபிலிம் ஓசியில ஒட்டித் தர்றேம்பாங்க, கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

கவிதா (பி 304), 8:36
சன் ஃபிலிம் 70 சதவீதம்னு எழுதிருக்கு. அது லீகல்தானுங்க?

ரங்கசாமி (சி 401), 8:44
இங்கதான் ஏமாத்து. விதி முன், பின் கண்ணாடிக்கு 70, பக்கவாட்டுக்கு 50 சதவீத வெளிச்சம் உள்ள வரணும்னு சொல்லுது. ஃபிலிமுக்குத் தனியா இல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து. கம்பெனி கண்ணாடியே 80 தான் விடுதுன்னு வைங்க, அது மேல 70 ஃபிலிம் ஒட்டினா 56 ஆயிடும். பக்கவாட்டுக்குப் பரவால்ல, முன்னாடிக்குத் தப்பு. 2012ல சுப்ரீம் கோர்ட் ஃபிலிமே கூடாதுன்னுச்சு, அப்புறம் விதி மாறுச்சு, 2024ல கேரளா ஹைகோர்ட் இந்த அளவுக்குள்ள ஒட்டலாம்னு சொல்லிருக்கு. ஆனா ரோட்ல மடக்கற போலீஸ்காரர்கிட்ட தீர்ப்பை வாசிச்சுக் காட்ட முடியாது. ஒட்டறதுன்னா பக்கவாட்டுல மட்டும், வெப்பம் தடுக்கற வெளிர் ஃபிலிம், பில் வண்டியில இருக்கட்டும்.

சுமதி (பி 201), 8:47
7டி மேட் எடுக்காத கவிதா. அது தரையை ஒட்டித் தச்ச மாதிரி இருக்கும், அடியில தண்ணி போனா வெளில வராது. கார்பெட் ஊறி வாடை வரும், சீட்டுக்கு அடியில இருக்கற கனெக்டர் பச்சை பூக்கும். ஓரம் உயர்ந்த டிபிஇ (ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்) மேட், டிரைவர் பக்கம் கம்பெனி கிளிப்புல மாட்டற மாதிரி எடு. பழைய மேட் மேல புது மேட் போடவே கூடாது, பிரேக் பெடலுக்கு அடியில போய் மடங்கிக்கும்.

செந்தில் (ஏ 102), 8:50
சீட் கவருக்கும் ஒரு வார்த்தை. சீட்டோட பக்கத்துல ஏர்பேக் இருந்தா, அந்தப் பக்கம் பிரியற தையல் வெச்ச கவர்தான் போடணும். கவர் மாட்டறவங்க சீட்டைக் கழட்டும்போது அடியில மஞ்சள் கனெக்டரைப் புடுங்குவாங்க. வண்டி ஆன்ல இருக்கும்போது புடுங்கினா ஏர்பேக் லைட் எரியும், ஸ்கேனர் வெச்சுத்தான் அழிக்க முடியும். சீட்ல காத்து வர்ற மாடல்னா கவரே வேண்டாம், காசைக் குடுத்து காத்தை அடைக்கறீங்க.

கவிதா (பி 304), 8:53
சூப்பருங்க. இப்ப லைட்டுக்கு வாங்க. எல்இடி பல்ப் மாத்தினா ரேஞ்ச், அதான் ஒரு சார்ஜுல ஓடற தூரம், குறையாதுன்னு சேல்ஸ் பையன் சொன்னாரு.

செந்தில் (ஏ 102), 9:04
ரேஞ்சுக்கும் லைட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. 35 வாட் ஃபாக் லேம்ப் ரெண்டும் ஒரு மணி நேரம் எரிஞ்சா 0.07 யூனிட். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடற வண்டியில அது அரை கிலோமீட்டர். ரேஞ்சைத் தின்னறது ரூஃப் கேரியரும் அகல டயரும்.

செந்தில் (ஏ 102), 9:09
ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்ப் சொருகினா, வெளிச்சம் கிளம்பற இடம் ஃபிலமென்ட் இருந்த இடத்துல சரியா உக்காராது. கண்ணுக்கு வெள்ளையா தெரியும், ரோட்ல விழாது, எதிர்ல வர்றவன் கண்ல விழும். மழையில 6000 கே வெள்ளை இன்னும் மோசம், தார் ரோடு கருப்பா முழுங்கிரும். சில வண்டியில பல்ப் ஃப்யூஸ் ஆயிருச்சுன்னு மெசேஜும் வரும். அதுக்கு 6 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சேப்பாங்க, அது 12 வோல்ட்ல 24 வாட் வெறும் சூடா போகுது. பிளாஸ்டிக் மேல கட்டிவிட்டா உருகும். ஹெட்லைட்டை அப்படியே விடுங்க.

கவிதா (பி 304), 9:11
சரிங்ணா. ஃபாக் லேம்ப்?

செந்தில் (ஏ 102), 9:13
அது போடுங்க. மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுலயும் மார்கழி மூடுபனிக்கு கீழ இருக்கற லைட்தான் கைகொடுக்கும். மஞ்சளா வெள்ளையான்னு சண்டை போடுவாங்க, அது ரெண்டாம்பட்சம். தாழ்வா, அகலமா, மேல் விளிம்பு வெட்டின மாதிரி விழணும், அதுதான் முக்கியம். பனியில ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

செந்தில் (ஏ 102), 9:26
உங்க வேரியன்ட்டுக்கு கம்பெனி கிட் இருக்கான்னு கேளுங்க. லேம்ப் 2, பிராக்கெட் 2, பம்பர் மூடி 2, வயரிங், ஸ்விட்ச் எல்லாம் ஒரே பெட்டியில வந்து, மெயின் வயரிங்ல ஏற்கனவே கனெக்டர் விட்டிருந்தா அதுல நேரா மாட்டிரலாம், வெட்டு குத்து இல்ல. அது இல்லன்னா தனி ரிலே (சின்ன கரன்ட்ல பெரிய கரன்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) வயரிங். ரிலேல 30ம் நம்பர் பின் 12 வோல்ட் பேட்டரி பிளஸ்ஸுக்கு, நடுவுல ஃப்யூஸ், அது டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. 87 லேம்புக்கு. 86 பார்க்கிங் லைட் ஃப்யூஸ்ல ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்துல சொருகி தனி வயர் எடுக்கற அடாப்டர்) வெச்சு. 85 ஸ்விட்ச் வழியா எர்த். இப்படிப் பண்ணா பார்க்கிங் லைட் அணைஞ்சதும் ஃபாக்கும் தானா அணையும், மறந்து விட்டுட்டுப் போக முடியாது.

பிரபு (டி 105), 9:28
அண்ணா ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்?

செந்தில் (ஏ 102), 9:35
35 வாட் ரெண்டு 70 வாட், 12ஆல வகுத்தா 5.8 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃப்யூஸ், 1.5 சதுர மில்லி வயர். எல்இடி லேம்ப் 15 வாட் ரெண்டுன்னா 2.5 தான், 5 போதும். ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு 20 போடறவங்க இருக்காங்க. அப்புறம் ஃப்யூஸுக்குப் பதிலா வயர் எரியும்.

செந்தில் (ஏ 102), 9:41
பல்ப் மாத்தறப்ப ஒரு திருட்டு வேலை நடக்கும். ஃபாக்ல எச்8 பல்ப், 35 வாட். எச்11 அதே சைஸ், 55 வாட். அடியில இருக்கற காது மட்டும் வேற. அந்தக் காதை அரம் வெச்சு ராவி சொருகிருவாங்க. சின்ன பிளாஸ்டிக் கூடு சூடு தாங்காம ரிஃப்ளெக்டர் கொப்புளம் போடும். பழைய பல்ப்ல என்ன எழுதிருக்கோ அதுவே போடச் சொல்லுங்க.

சுமதி (பி 201), 9:44
இதெல்லாம் யார் வேணா கை வைக்கலாமா? கரண்ட் வண்டியாச்சே.

செந்தில் (ஏ 102), 9:55
12 வோல்ட் பக்கம் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் தொடலாம்க்கா. ஆரஞ்சு கேபிள் பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல, அது பக்கமே போகக்கூடாது, அதுல டை போட்டு நம்ம வயரைக் கட்டவும் கூடாது. சார்ஜர் மாட்டியிருக்கும்போது வேலையே ஆரம்பிக்காதீங்க, அப்ப மெயின் பேட்டரில இருந்து 12 வோல்ட்டுக்கு சப்ளை ஓடிட்டு இருக்கும். வண்டியை ஆஃப் பண்ணி, சாவியைத் தள்ளி வெச்சு, கொஞ்ச நேரம் விட்டு, 12 வோல்ட் மைனஸைக் கழட்டணும். மைனஸ் டெர்மினல்ல சின்ன சென்சார் டப்பா இருந்தா, நம்ம எர்த்தை அந்த டெர்மினல்ல மாட்டாம பாடி போல்ட்ல மாட்டணும். இல்லன்னா அந்த சென்சார் கணக்குல நம்ம லோடு வராது.

செந்தில் (ஏ 102), 9:58
ரிலேயை பின் கீழ பாக்கற மாதிரி மாட்டணும், தண்ணி வடிஞ்சுரும். வயர் முழுக்க கொருகேட் பைப். முறுக்கி டேப் சுத்தற ஜாயின்ட் கூடாது. மறுபடி மைனஸ் மாட்டினதும் ஜன்னல் ஆட்டோ வேலை செய்யாது, ஒவ்வொண்ணையும் முழுசா ஏத்தி ரெண்டு மூணு செகண்ட் பட்டனை அழுத்தியே பிடிங்க, பெரும்பாலும் அதுல சரியாயிரும்.

ரங்கசாமி (சி 401), 10:02
லைட் உயரம் எப்படி செட் பண்றது?

செந்தில் (ஏ 102), 10:08
நம்ம பேஸ்மென்ட் சுவரே போதும் சார். டயர் காத்து சரி பாத்து, டிரைவர் சீட்ல ஒருத்தர் உக்காந்து, சுவர்ல இருந்து 5 மீட்டர்ல நிறுத்தணும். ஹெட்லைட் உயரம் மாத்தற லெவலர் 0. லேம்ப் நடு உயரத்தை சுவர்ல டேப் ஒட்டிக் குறிச்சா, லோ பீம் வெட்டுக்கோடு அதுக்கு 5 செ.மீ. கீழ, ஃபாக் 10 செ.மீ. கீழ விழணும்.

கவிதா (பி 304), 10:12
டேஷ் கேமும் ஆம்பியன்ட் லைட்டும் பாக்கி.

செந்தில் (ஏ 102), 10:20
ரெண்டுமே 12 வோல்ட் பேட்டரி கதைதான். மெயின் பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் இந்தக் குட்டி பேட்டரி படுத்துட்டா வண்டி எழுந்திருக்காது, ரிமோட்ல கதவு லாக் கூட திறக்காது. டேஷ் கேம் பார்க்கிங் மோடுல 0.3 ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர். பேட்டரி 35 ஆம்பியர் அவர்னா, ஊருக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்து பாருங்க. நிக்கும்போது தானா சார்ஜ் ஏத்திக்கற வண்டி உண்டு, எல்லாத்துலயும் கிடையாது. வோல்ட் குறைஞ்சா தானா அணைக்கற கட் ஆஃப் கிட் வாங்கி 12.0ல வைங்க. ஆம்பியன்ட் லைட்டை, வண்டி ஆன்ல இருக்கும்போது மட்டும் கரன்ட் வர்ற ஏசிசி ஃப்யூஸ்ல மட்டும் எடுக்கணும். ஓபிடி போர்ட்ல (சர்வீஸ்ல ஸ்கேனர் மாட்டற இடம்) எதையும் சொருகி விடாதீங்க, வண்டி தூங்காமயே கிடக்கும்.

சுமதி (பி 201), 10:26
எலி வலை எடுத்துக்க கவிதா, நம்ம பேஸ்மென்ட்டுக்கு அவசியம். ஸ்டீல் வலை, கண்ணு 6 மில்லிக்கு மேல இருக்கக்கூடாது. கீழ திறந்த இடத்துக்கும் ஏசி காத்து உள்ள போற வழிக்கும் மட்டும், ரேடியேட்டர் முன்னாடி வேண்டாம். துணி மூட்டையில புகையிலை கட்டி பானட்டுக்குள்ள வெக்கறாங்க பாரு, அது கூடாது. ராத்திரி சார்ஜ் ஏறும்போது ஃபேன் தானா சுத்தும், மூட்டை அதுல போய் சிக்கும்.

பிரபு (டி 105), 10:28
மட் ஃப்ளாப் கண்டிப்பா அக்கா. இருக்கற ஸ்க்ரூ ஓட்டையிலயே உக்காரணும்.

ரங்கசாமி (சி 401), 10:31
எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ்ல சொல்லிருங்க. ஃபாக் லேம்ப், கேமரா மாதிரி எலக்ட்ரிகல் சாமான் பாலிசியில தனி வரியா மதிப்போட வரணும், இல்லன்னா கிளெய்ம்ல வராது. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்க. பச்சை நம்பர் பிளேட் மேல கலர் ஃப்ரேம் மாட்டித் தருவாங்க, அதையும் வேண்டாம்னுருங்க.

கவிதா (பி 304), 10:40
அப்ப டிக் இதுக்கு மட்டும்: கிளிப் மேட், முன்பக்கம் பிபிஎஃப், கம்பெனி ஃபாக் கிட், கட் ஆஃப் கிட்டோட டேஷ் கேம், மட் ஃப்ளாப், எலி வலை. வீல் ஆர்ச் கோட்டிங் எழுதிக் குடுத்தா மட்டும். சரிங்களா?

செந்தில் (ஏ 102), 10:42
சரி. ஃபாக் கிட் மாட்டறவங்ககிட்ட பழைய பம்பர் மூடி ரெண்டையும் கேட்டு வாங்கி டிக்கியில போட்டுக்கோங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டேஷ்போர்டுல எந்த வார்னிங் லைட்டும் எரியலயான்னு பாருங்க. லைட் அலைன்மென்ட் வியாழக்கிழமை ஏழு மணிக்கு மேல பேஸ்மென்ட்ல பாத்துக்கலாம், டேப் நான் எடுத்துட்டு வர்றேன்.