ஃப்ளாப்பி எமுலேட்டரில் கம்பெனி பூட்டு: உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்

என்னிடம் அமிகா 500 என்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஃப்ளாப்பி டிரைவ் ஓய்ந்துபோனதால், அதன் இடத்தில் ஃப்ளாப்பி டிரைவ் போலவே நடிக்கும், பென் டிரைவ் செருகும் எமுலேட்டர் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். அமிகா அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கம்பெனி போட்டுக் கொடுத்த ஃபர்ம்வேருக்கு, அதாவது பெட்டியின் சிப்புக்குள் இருந்து அதை இயக்கும் நிரலுக்கு, பிசியின் 1.44 எம்பி வடிவம் மட்டும்தான் தெரியும். அமிகா டிஸ்க் 880 கேபி. டிஸ்க்கின் ஒவ்வொரு வட்டத்திலும் (டிராக்) 11 துண்டுகளாக (செக்டர்), அதுவும் இடைவெளி விடாமல் நெருக்கி எழுதும். அதற்கு ஃபிளாஷ்ஃப்ளாப்பி மாதிரி வேறு ஃபர்ம்வேர் வேண்டும். கீர் ஃப்ரேசர் எழுதியது. மூல நிரலோடு இலவசமாகவே கிடைக்கிறது.

புதியதை ஏற்றுமுன் பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. உள்ளே இருந்தது எஸ்டிஎம்32எஃப்105 சிப். படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பியிருந்தார்கள். பூட்டை எடுக்கச் சொன்னால், அந்த வகைச் சிப் தன் நினைவகம் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எடுக்கும். அதாவது, ஒருமுறை கை வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பவே வழியில்லை. இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் துணிந்து, சிப்பைப் புது நிரல் ஏற்கும் நிலையில் வைக்கும் பூட் பின்களை ஜம்பர் என்ற சின்ன இணைப்பால் சேர்த்து, கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் சீரியல் அடாப்டரின் நான்கு கம்பிகளையும் இணைத்து ஏற்றினேன். ஜம்பரைக் கழற்றி மறுபடி மின்சாரம் கொடுத்ததும் சின்ன சிவப்புத் திரையில் ஃபிளாஷ்ஃப்ளாப்பியின் அடையாளமான எஃப்-எஃப் வந்தது. பென் டிரைவைச் செருகினேன். அமிகாவின் முகப்புத் திரையான ஒர்க்பெஞ்ச் திறந்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

•

அண்ணா, உங்களுக்காவது வழி இருந்தது. நாங்கள் திருப்பூரில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறோம். பழைய மெஷின், 720 கேபி டிஸ்க்கில் கொடுத்தால்தான் டிசைனை எடுக்கும். நீங்கள் சொல்கிற அதே மாதிரி பெட்டிதான் வாங்கினேன். திறந்தால் சிப் மேல் எழுத்தையே சுரண்டி அழித்திருக்கிறார்கள். ஜம்பர் போட்டும் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே இல்லை. கேட்டால், பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி போச்சு என்கிறார் விற்றவர்.

•

தம்பி, இது ரொம்ப அநியாயம். தங்கள் நிரலை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று பூட்டுகிறார்களா, சரி, அது அவர்கள் உழைப்பு. காசு கொடுத்து வாங்கிய போர்டில் நாம் வேறொன்றை எழுதவும் கூடாது என்றால் அதை எப்படி ஏற்பது? இந்த மெஷின்களுக்குப் புது டிரைவ் செய்வார் யாரும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் எழுதும் ஃபர்ம்வேரில்தான் அவை ஓடுகின்றன.

போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபிளாஷ்ஃப்ளாப்பி, ஆர்ட்டெரி என்ற கம்பெனியின் ஏடி32எஃப்415, ஏடி32எஃப்435 சிப்களிலும் ஓடும். சிப்பில் எத்தனை கால்கள், பக்கத்தில் கிரிஸ்டல் என்ற சின்ன உலோக உறுப்பின் மேல் என்ன எண் என்று தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன். அடுத்த பெட்டி வாங்குமுன் போர்டின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன்.