மேட்டூர் திறக்காத ஆண்டில் மோட்டார் குறுவை சரியா?

கடைமடையான் (தலைஞாயிறு):
2024-இல், வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று காவிரியின் மேட்டூர் அணையில் போதிய நீர் இல்லை; ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். இருந்தும் பாபநாசம், கும்பகோணம் பக்கம் குறுவை (ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல்) நடவு நடந்தது. அத்தனையும் ஆழ்குழாய்த் தண்ணீர். எங்கள் ஊரில் குழாய் இறக்கினால் உப்புநீர்தான் வருகிறது. மேற்கே நன்னீர் மட்டம் இறங்கினால் கிழக்கே கடல் உள்ளே ஏறும். ஆறு வறண்ட ஆண்டில் மோட்டார் குறுவைக்கு வரம்பு வேண்டும்.

பாபநாசம் விவசாயி:
அண்ணா, பழியை என் மோட்டார் மேல் மட்டும் போடாதீர்கள். கடலோரத்தில் இறால் குட்டை வெட்டியது நானா? கொள்ளிடத்து மணலை அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கியது நானா? வீராணத்திலிருந்து சென்னைக்குக் குழாயில் போகும் தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வயலில் பாய்ச்சும் தண்ணீர் மறுபடி மண்ணுக்குள்தானே இறங்குகிறது?

நீரியல் மாணவி (திருச்சி):
ஐயா, ஒரு பங்குதான் இறங்குகிறது. மற்றது பயிர் வழியாகவும் வயல் பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. குறுவைக் காலத்தில் அடிப்பது மேலைக்காற்று. ஆடிக் காற்று அந்த ஈரத்தை வங்கக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே ஆனியில் இறைத்தது நமக்கே மழையாகத் திரும்பும் என்று நம்பியிருக்க முடியாது.

உலகம் முழுக்க இதே கதைதான். 1993 முதல் 2010 வரை மனிதர்கள் இறைத்துத் தீர்த்த நிலத்தடி நீர் ஏறத்தாழ 2,15,000 கோடி டன் என்பது மதிப்பீடு. அது கடலில் சேர்ந்து, கடல்மட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. நீரின் எடை இடம் மாறியதால் பூமி சுழலும் துருவமே சுமார் 80 சென்டிமீட்டர் நகர்ந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதில் வடமேற்கு இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பாபநாசம் விவசாயி:
பஞ்சாபை இங்கே கொண்டுவராதீர்கள் அம்மா. இது ஆற்று வண்டல். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் நிலத்தடி மட்டம் ஏறிவிடும்; என் கிணற்றிலேயே பார்க்கிறேன். ஓடவிடாமல் தடுப்பது மேலே கர்நாடகத்தில் இருக்கும் அணைகள். கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

கடைமடையான் (தலைஞாயிறு):
ஓடினால் ஏறும், தம்பி. ஓடாத ஆண்டைப் பற்றித்தானே பேசுகிறோம்! 2018 பிப்ரவரியில் வந்த காவிரித் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கணக்கில் சேர்த்த பிறகே உச்ச நீதிமன்றம் கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அந்த நல்ல தண்ணீர் உங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. குறைந்ததோ எங்கள் வாய்க்காலிலும்தான். எங்கள் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கிறார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பாபநாசம் விவசாயி:
தீர்ப்பில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் மோட்டாரை நிறுத்தினால் என் கூட்டுறவுக் கடனை யார் அடைப்பது?

நீரியல் மாணவி (திருச்சி):
நிறுத்தச் சொல்லவில்லை ஐயா. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால் இறைக்கும் நேரம் குறையும். இலவச மின்சாரம் என்பதால் மோட்டார் இராப்பகலாக ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைமடையான் (தலைஞாயிறு):
அதுவும் போதாது. அணை திறக்காத ஆண்டில் குறுவைக்கு அரசு தரும் தொகுப்பு உதவியை உளுந்துக்கும் எள்ளுக்கும் மாற்றித் தரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பாபநாசம் விவசாயி:
நெல்லை அளந்து வாங்கக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. எள்ளை எந்த விலைக்கு, யார் எடுப்பார்கள்? அதை முதலில் எழுத்தில் வாங்கித் தாருங்கள் அண்ணா. அதுவரை என் மோட்டார் ஓடும்.